நன்று என்ற ஒரு சொல்



மே மாதம் பிறந்துவிட்டால் பங்கு இல்லத்துத் திண்ணையில் பெற்றோர் கூட்டம் கூடிவிடும். ஒருவர் கையில் மதிப்பெண் பட்டியல், மற்றொருவர் கையில் மாற்றுச் சான்றிதழ். ஒருவருக்குச் சிபாரிசுக் கடிதம் வேண்டும், இன்னொருவருக்கு விடுதியில் இடம் வேண்டும். இவ்வாண்டு அத்தாள்களை வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பல்லாண்டுகளாகக் கண்ணில் பட்டும் கருத்தில் படாத ஒன்று என்னை நிறுத்தியது. மாற்றுச் சான்றிதழில் "மாணவரின் ஒழுக்கமும் பண்பும்" என்றொரு கட்டம் உண்டு. அதற்கு எதிரே எல்லாத் தாள்களிலும் ஒரே சொல்தான் எழுதப்பட்டிருந்தது: "நன்று."

பள்ளித் தாளாளர் பொறுப்பு என் தோளில் இருந்த ஆண்டுகளில் இத்தகைய சான்றிதழ்கள் நூற்றுக்கணக்கில் என் மேசையைக் கடந்து சென்றன. கணக்கில் 36 பெற்றவனுக்கும் "நன்று", 98 பெற்றவளுக்கும் "நன்று". மதிப்பெண்ணை ஒன்று கூடாமலும் குறையாமலும் குறித்து வைக்கும் நாம், பண்புக்கு மட்டும் எல்லாருக்கும் ஒரே சட்டையைத் தைத்துப் போட்டுவிடுகிறோம். இதில் இரக்கமும் இருக்கிறது. பதினைந்து வயதுப் பிள்ளையின் பெயருக்கு நேரே வேறொரு சொல்லை எழுதி அதன் வாழ்வைக் கெடுக்க எந்தத் தலைமையாசிரியருக்கும் மனம் வராது. ஆனால் இரக்கம் மட்டுமே காரணம் என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ள விரும்பவில்லை. அந்தக் கட்டத்தை நிரப்புவதற்கு அந்தப் பிள்ளையை நாம் கூர்ந்து பார்த்திருக்க வேண்டும். பல வேளைகளில் நாம் பார்த்திருக்கவில்லை.

ஒரு பையனைப் பற்றிச் சொல்லுகிறேன். ஊரும் பெயரும் வேண்டாம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு கடலோரக் குப்பம். தகப்பன் பிறர் படகில் பங்குக்குத் தொழில் செய்பவர். தாய் தலைச்சுமையாக மீன் கொண்டுபோய் விற்பவர். பையன் அப்போது எட்டாம் வகுப்பு. ஒற்றை அறை வீட்டில் ஐவர் படுத்தெழும் நிலையில் படிப்பு எங்கே நடக்கும்? "அரையாண்டுத் தேர்வில் எல்லாப் பாடத்திலும் தேறிவிடு. அடுத்த ஆண்டு உன்னை விடுதியில் சேர்த்துவிடுகிறேன்" என்று நான் வாக்குக் கொடுத்தேன். அவன் தேறினான். விடையேட்டை எடுத்துக்கொண்டு பங்கு இல்லத்துக்கு ஓடிவந்தான். நானோ அந்த மாதங்களில் கோவில் கூரை வேலையிலும் திருவிழா வரவு செலவிலும் மூழ்கிக் கிடந்தேன். கடிதம் எழுதத் தாமதித்தேன். எழுதியபோது விடுதியில் இடம் நிரம்பிவிட்டது. "பரவாயில்லை, அடுத்த ஆண்டு பார்ப்போம்" என்றேன். அடுத்த ஆண்டு, உண்மையைச் சொன்னால், அது எனக்கு நினைவிலேயே இல்லை.

ஒன்பதாம் வகுப்பில் அவன் பள்ளிக்கு வருவது குறைந்தது. பிறகு நின்றுவிட்டது. ஆசிரியர் கூட்டத்தில் பேச்சு வந்தபோது, "அறிவில்லாதவன் அல்ல, பொறுமையில்லாதவன். எதையும் முழுதாகச் செய்யமாட்டான்" என்றார் ஒருவர். மற்றவர்கள் தலையசைத்தார்கள். நானும் தலையசைத்தேன். சான்றிதழில் வழக்கம்போல "நன்று" ஏறியது.

இப்பொழுது கடல் கடந்து ஒரு சோதனைச் சாலைக்குச் சற்றுச் சென்று வருவோம். 1960-களின் இறுதியில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மழலையர் பள்ளியில் வால்டர் மிஷெல் என்ற உளவியல் அறிஞர் ஒரு சோதனை நடத்தினார். நான்கைந்து வயதுக் குழந்தையின் முன் ஒரு தின்பண்டத்தை வைப்பார்கள். "இதை இப்பொழுதே தின்னலாம், நான் திரும்பி வரும்வரை காத்திருந்தால் இரண்டு தருவேன்" என்று சொல்லிவிட்டுப் பெரியவர் வெளியே போய்விடுவார். சில குழந்தைகள் உடனே தின்றுவிட்டன. சில கண்ணை மூடிக்கொண்டும் பாட்டுப் பாடிக்கொண்டும் காத்திருந்தன. அக்குழந்தைகள் வளர்ந்தபின் பார்த்தபோது, காத்திருந்தவர்கள் பள்ளித் தேர்வுகளிலும் மேம்பட்டிருந்ததாகத் தெரிந்தது. இச்செய்தி உலகெங்கும் பரவிற்று. "பார்த்தீர்களா, பொறுத்தவரே உயர்வார்" என்று மறையுரையில் சொல்ல எங்களைப் போன்றவர்களுக்கு மிகவும் வசதியாகவும் அமைந்தது. நானும் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2018-இல் டைலர் வாட்ஸ் என்பவரும் அவருடைய துணைவரும் 900-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் விவரங்களைக் கொண்டு இதை மீண்டும் ஆராய்ந்தார்கள். குடும்பத்தின் வசதி, தாயின் கல்வி ஆகியவற்றையும் கணக்கில் எடுத்தபோது, காத்திருத்தலுக்கும் பின்னாளைய தேர்ச்சிக்கும் உள்ள தொடர்பு மிகவும் சுருங்கிவிட்டது.

அதைவிட என்னைத் தைத்தது வேறோர் ஆய்வு. நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் என்ற பெண்மணியும் உடன் உழைத்தோரும் செய்தது. 2013-இல் இதழில் அச்சாயிற்று. மொத்தம் 28 குழந்தைகள். தின்பண்டச் சோதனைக்கு முன் ஒவ்வொரு குழந்தைக்கும் படம் வரையத் தேய்ந்துபோன பழைய வண்ணக் குச்சிகளைக் கொடுத்து, "சற்றுப் பொறு, நல்லவை கொண்டு வருகிறேன்" என்று ஒருவர் சொல்லிப் போனார். பாதிப் பேருக்குச் சொன்னபடி கொண்டு வந்தார். மறுபாதிக்கு வெறுங்கையோடு வந்து, "மன்னித்துக்கொள், இல்லை" என்றார். பிறகுதான் தின்பண்டச் சோதனை. வாக்குக் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தன. ஏமாந்த குழந்தைகள் காத்திருந்தது 3 நிமிடம். கால்மணி நேரம் முழுவதும் பொறுத்திருந்தவர்கள் முதற்குழுவின் பதினால்வரில் ஒன்பது பேர். இரண்டாம் குழுவின் பதினால்வரில் ஒரே ஒருவர்.

இதைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பழைய வண்ணக் குச்சியைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்தவன் நான்தானே? அதுவும் இரண்டு முறை. அந்தப் பையன் பொறுமையற்றவன் அல்லன். அவனுக்குக் கணக்குத் தெரிந்திருந்தது. வராத ஒன்றுக்காகக் காத்திருப்பவனை உலகம் பொறுமைசாலி என்று சொல்லுமா, ஏமாளி என்று சொல்லுமா?

பொறுமை தனி ஒருவர் நெஞ்சுக்குள் மட்டும் இருக்கும் பொருள் அல்ல என்பது கடலோர மக்களுக்குத் தெரியாததன்று. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள், மீன் இனம் பெருகுவதற்காகக் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குள் இறங்குவதில்லை. நம் பகுதியில் ஃபைபர் படகுகளே மிகுதி. அவற்றுக்கு இத்தடை இல்லை. ஆயினும் காசிமேட்டிலும் நாகப்பட்டினத்திலும் விசைப்படகில் போகும் உறவினர் நம்மில் பலருக்கு உண்டு. அத்தனை நாள் அவர்கள் எப்படிக் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறார்கள்? பக்கத்துத் துறைமுகத்தானும் போகமாட்டான் என்ற நம்பிக்கை ஒன்று. தடைக்கால நிவாரணத் தொகை வரும் என்ற நம்பிக்கை மற்றொன்று. இரண்டில் ஒன்று பொய்த்தாலும் அந்தப் பொறுமை எத்தனை நாள் நிற்கும்?

ஆகவே குணம் ஒன்றுமில்லை, மதிப்பெண்ணே போதும் என்கிறேனா? இல்லை. மதிப்பெண்ணுக்குள் அடங்காத திறன்கள், அதாவது ஊக்கம், விடாமுயற்சி, பிறரோடு இணைந்து வேலை செய்தல், கோபத்தை அடக்குதல் ஆகியவை படிப்பிலும் பிழைப்பிலும் பெரும்பங்கு வகிக்கின்றன என்பதற்கு உறுதியான சான்றுகள் உண்டு. (வள்ளுவர் கல்விக்கும் அறிவுடைமைக்கும் அதிகாரங்கள் தந்தபின், ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கண் அழியாமை என்று அடுத்தடுத்து நான்கு அதிகாரங்கள் தனியே வைத்தது வீணுக்கு அல்ல.) மிச்சிகன் மாநிலத்து இப்சிலாண்டி நகரில் 1962 முதல் 1967 வரை, ஏழைக் கறுப்பினக் குடும்பங்களைச் சேர்ந்த 123 குழந்தைகளைத் தேர்ந்து, அவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் நல்ல மழலையர் கல்வி அளித்தார்கள். ஆசிரியை வாரம் ஒரு முறை ஒவ்வொரு வீட்டுக்கும் சென்று தாயோடும் பிள்ளையோடும் அமர்ந்தார். அறிவுக்கூர்மைச் சோதனையில் அக்குழந்தைகள் முதலில் உயர்ந்தன. சில ஆண்டுகளில் அந்த உயர்வு மங்கிவிட்டது. "எல்லாம் வீண்" என்று பலர் கை கழுவினார்கள். ஆனால் நாற்பது வயதில் அவர்களைத் தேடிப் பார்த்தபோது, அக்கல்வி பெற்றவர்கள் பெறாதவர்களைவிட அதிகம் சம்பாதித்தார்கள், பள்ளிப்படிப்பை முடித்தவர்கள் அவர்களில் அதிகம், காவல்துறையிடம் சிக்கியவர்கள் குறைவு. 2000-ஆம் ஆண்டு பொருளியல் நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் ஹெக்மன் இந்த விவரங்களை ஆராய்ந்து, நிலைத்து நின்று பலன் தந்தது குணநலன்களில் ஏற்பட்ட மாற்றமே என்று காட்டினார்.

வாரம் தவறாமல் கதவைத் தட்டிய அந்த ஆசிரியையைத்தான் நான் மீண்டும் மீண்டும் எண்ணிப் பார்க்கிறேன். நம் தமிழ்நாட்டிலேயே 320 அங்கன்வாடிகளைக் கொண்டு கார்த்திக் முரளிதரன் முதலிய பொருளியலார் ஓர் ஆய்வு நடத்தினார்கள். பாதி மையங்களில் குழந்தைகளுக்குக் கற்றுத்தர அரைநாள் பணியாளர் ஒருவரைக் கூடுதலாக அமர்த்தினார்கள். கற்பிக்கும் நேரம் இரு மடங்காயிற்று. பிள்ளைகளின் மொழியும் கணக்கும் வளர்ந்தன. வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் எண்ணிக்கையும் குறைந்தது. புதிய கருவி எதுவும் இல்லை. உட்கார நேரமுள்ள ஒரு பெரியவர், அவ்வளவே.

நம் மாவட்டத்தில் இதற்கு இன்னொரு சாட்சியும் உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியை அடுத்து 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். பாம்புத் தோல் வணிகம் சட்டத்தால் நின்றபோது வாழ்வு இழந்த மக்கள், அதே திறமையைக் கொண்டு நஞ்சு எடுத்துக் கொடுத்து, விடமுறி மருந்து செய்வதற்குத் துணை நிற்கிறார்கள். நஞ்சு எடுத்த பாம்பை மீண்டும் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அச்சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இருவர் பள்ளிக்கூடப் படிப்பு இல்லாதவர்கள். 2017-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம் அவர்களை அழைத்தது. அங்கே பர்மிய மலைப்பாம்புகள் பெருகிப் பிற உயிர்களை அழித்துக்கொண்டிருந்தன. போட்டி நடத்தியும் பிடிக்க முடியாமல் திணறிய இடத்தில், இவர்கள் புதரோரம் மெல்ல நடந்து, தடம் பார்த்து, முதல் இரண்டு வாரத்துக்குள்ளேயே பதின்மூன்று பாம்புகளைப் பிடித்தார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அவர்களுடைய பொறுமைக்கும் நிதானத்துக்கும் எந்தப் பள்ளியின் சான்றிதழில் கட்டம் இருந்தது?

எழுத்தறியாமையை நான் போற்றுவதாகக் கொள்ள வேண்டாம். அதே இருளர் குலத்துப் பிள்ளைகள் சாதிச் சான்றிதழ் ஒன்றுக்காக ஆண்டுக்கணக்கில் நடையாய் நடந்து, கிடைக்காமல் படிப்பையே விட்டுவிடுவதும் இம்மாவட்டத்தில் நடப்பதுதான். "அடுத்த வாரம் வா" என்ற சொல்லை நூறு முறை கேட்ட பிள்ளையிடம் போய் விடாமுயற்சியைப் பற்றிப் பேச எனக்கு நாக்கு எழாது.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். குணம் இருந்தால் எல்லாம் கைகூடும் என்பதும் உண்மையன்று. மறைமலை நகரில் ஃபோர்டு கார் ஆலை 2022 ஜூலையில் உற்பத்தியை நிறுத்தியது. இருபதாண்டுகளுக்கும் மேலாக நடந்த ஆலை. ஒரு நாளும் தாமதமாகச் செல்லாத உழைப்பாளிகளும் அன்று வாயிலுக்கு வெளியே நின்றார்கள். ஏற்றுமதிக்காக அதை மீண்டும் இயக்கும் எண்ணத்தை நிறுவனம் 2024 செப்டம்பரில் தெரிவித்தது. ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தை எப்படிக் கட்டினார்கள் என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும். வேலை போனவனைப் பார்த்து "உன்னிடம் ஊக்கம் போதவில்லை" என்று சொல்வது அறியாமை மட்டுமன்று, கொடுமையும் ஆகும்.

சென்ற ஆண்டு நம் கோவிலுக்குக் கருங்கல்லில் ஒரு திருமுழுக்குத் தொட்டி செய்ய வேண்டியிருந்தது. அதற்காக மாமல்லபுரம் சென்றேன். அவ்வூரின் கற்சிற்பத் தொழில் இன்றும் உயிரோடு இருக்கிறது. 1957-இல் தொடங்கிய அரசு சிற்பப் பயிற்சி நிலையம் இன்று கல்லூரியாக வளர்ந்திருக்கிறது. குமரி முனையில் 133 அடி உயர வள்ளுவர் சிலையை வடித்த கணபதி ஸ்தபதி அங்கே முதல்வராக இருந்தவர். 2017-இல் மாமல்லபுரத்துக் கற்சிற்பங்கள் புவிசார் குறியீடும் பெற்றன. தெருவில் இறங்கி நடந்தால் உளிச் சத்தமும், இப்போது அதைவிட மிகுதியாகக் கிரைண்டர் சத்தமும் கேட்கும். கல் தூசு காற்றில் மிதக்கும். நுரையீரலைக் கெடுக்கும் அத்தூசுக்கு முகத்தில் ஒரு துணி மட்டும் கட்டிக்கொண்டு வேலை செய்கிறார்கள். அது எனக்கு நல்லதாகப் படவில்லை, சொல்லவும் செய்தேன்.

சிற்பக்கூடத்தின் ஓரத்தில் கால் மடக்கி அமர்ந்து, ஒரு நந்தியின் கழுத்து மணியைச் சிற்றுளியால் செதுக்கிக்கொண்டிருந்த இளைஞன் நிமிர்ந்து பார்த்து, "வாங்க ஃபாதர்" என்றான். மீசை அரும்பி முகம் மாறியிருந்தது. அடையாளம் கண்டுகொள்ள எனக்குச் சற்று நேரம் பிடித்தது. இரண்டாண்டு படகில் போய், பிறகு இங்கே வந்து சேர்ந்தானாம். பத்தொன்பது வயது.

கூடத்தின் மூத்த சிற்பியிடம் அவனைப் பற்றிக் கேட்டேன். "இவனைப் போல ஒரே இடத்தில் உட்கார்ந்து வேலை செய்யும் பிள்ளை என்னிடம் வந்ததில்லை சாமி. முதல் ஆறு மாதம் உளியை உலையில் காய்ச்சிக் கூராக்குவது, கல்லைச் சமமாகத் தட்டுவது, இவ்வளவுதான் கொடுத்தேன். மற்றப் பிள்ளைகள் ஓடிவிட்டார்கள். இவன் ஓடவில்லை" என்றார்.

"எப்படி நின்றான்?"

பெரியவர் இதில் வியக்க என்ன இருக்கிறது என்பதுபோல் பார்த்தார். "ஆறு மாதம் முடிந்த மறுநாள் பூவேலை சொல்லித் தருகிறேன் என்றேன். மறுநாள் சொல்லித் தந்தேன். சனிக்கிழமை கூலி என்றால் சனிக்கிழமை கூலி. ஒரு வாரம் என் கையில் இல்லை. சங்கிலியை அடகு வைத்துக் கொடுத்தேன். சின்னப் பையன் சாமி, நாம் பேசுவதைத்தான் பார்த்துக்கொண்டே இருக்கிறான்."

திரும்பும் வழியில் ஐந்து ரதங்களின் அருகே வண்டியை நிறுத்தச் சொல்லிச் சற்று நின்றேன். பல்லவர் காலத்து அந்த ஒற்றைக்கல் கோவில்களில் வேலை முற்றுப்பெறாத இடங்கள் பல உண்டு. அரசன் மறைந்ததோடு பணியும் நின்றுபோயிருக்கலாம் என்று வரலாற்று ஆசிரியர் பலர் கருதுகிறார்கள். முடிந்த பகுதியைச் செதுக்கிய அதே கைகள்தாம் முடியாத பகுதியிலும் உளி வைத்திருக்க வேண்டும். அக்கைகளில் பொறுமை குறைந்துபோனதாக யாரும் சொன்னதில்லை.

தொட்டியைப் பார்க்க அடுத்த மாதம் மீண்டும் போனபோது, அவனைத் தனியே அழைத்து, விடுதி விஷயத்தில் நான் செய்த தவற்றைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் விடுங்க ஃபாதர்" என்று தலையைக் குனிந்துகொண்டான். விடவில்லை என்று தெரிந்தது. எட்டாம் வகுப்புச் சான்றிதழ் இருப்பதால் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதலாம், பிறகு சிற்பக் கல்லூரியையும் எண்ணிப் பார்க்கலாம் என்றேன். அவன் முகத்தில் ஆசையும் இருந்தது, ஐயமும் இருந்தது. சற்று நேரம் உளியைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்துவிட்டு, "விண்ணப்பம் என்றைக்கு ஃபாதர்?" என்று கேட்டான்.

எனக்குத் தேதி தெரியவில்லை. தலைமையாசிரியரைக் கேட்டுச் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குத் தொலைபேசியில் சொல்வதாகக் கூறினேன். சனிக்கிழமை மாலை ஒரு திருமண ஓலை வாசிப்பு, அதன்பின் பாடகர் குழுப் பயிற்சி, நடுவில் நோயாளி ஒருவரைப் பார்க்க அழைப்பு. ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது சக்கிறீஸ்துவின் கதவைச் சாத்திக்கொண்டு எண்ணை அழுத்தினேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.